நாற்பது புள்ளி பூபதி

மாநிலத்தில் இனிமேல் மங்கலான மனிதர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்த பிறகுதான் பூபதி இறந்துபோனான். கொஞ்சம் முன்னாலேயே இறந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது.

முகத் தெளிவுச் சட்டம் என்று அதற்குப் பெயர். ரேஷன் கடை, பேங்க், பஸ், பள்ளிக்கூடம், வேலை பார்க்கிற இடம் என்று எல்லாக் கதவுகளும் முகத்தைப் பார்த்துத்தான் திறந்தன. அட்டை வேண்டாம், கையெழுத்து வேண்டாம், முகத்தோடு வந்தால் போதும். இதில் அரசுக்கு இருந்த ஒரே கவலை, செத்தவரின் முகத்தைத் திருடி உயிரோடு இருப்பவர் யாராவது உள்ளே நுழைந்துவிடுவாரோ என்பதுதான். ஆகவே ஒருவர் இறந்தால் அவருடைய முகத்தைப் பத்து அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிக்குக் குறையாமல் அச்சடித்துத் துல்லியத் துறையில் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. துறை அந்த முகத்தை மூடிவிடும்; பிறகு எந்தக் கதவும் அதற்குத் திறக்காது. மூடிய பிறகுதான் மரணச் சான்றிதழ். வாழ்வதற்கு எந்தத் தரமும் கேட்காத அரசு, சாவதற்குக் குறைந்தபட்சத் தரம் ஒன்றை நிர்ணயித்திருந்தது.

பூபதி திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் பெரும்பகுதி சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். முகப் பதிவு முகாம் நடந்தபோதெல்லாம் அவன் ஊரில் இல்லை. பஸ்தர் பக்கம் ஒரு கோடையில் வெயில் தாக்கி விழுந்தான். உடலைக் கொண்டுவர முடியாத வெயில் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலை மட்டும் அனுப்பினார்கள். அவனுடைய போன் எங்கே போனது என்று தெரியவில்லை. கல்யாணப் படங்களெல்லாம் ஒரு நிறுவனத்தின் இணையக் கிடங்கில் இருந்தன. அந்த நிறுவனம் போன வருஷம் கடையை மூடிவிட்டது. இத்தனை காலம் உங்கள் நினைவுகளைக் காப்பாற்றியதில் பெருமை கொள்கிறோம் என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் அழித்தது.

அவன் மனைவி துளசிமணி தறிக் குடோனில் நூல் சுற்றுகிறவள். மகள் தாரணிக்கு ஆறு வயது. சான்றிதழ் இல்லாமல் வீட்டைப் பேர் மாற்ற முடியாது, ரிக் முதலாளி கொடுப்பதாகச் சொன்ன நஷ்ட ஈடும் வராது. பூபதியோடு வேலை செய்த ஒருவன் கடைசியில் ஒரு படம் அனுப்பிவைத்தான். ரிக் வண்டிக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கிற படம். ஓரத்தில் பூபதி.

அதை எடுத்துக்கொண்டு அவள் அர்த்தநாரியின் கலர் லேபுக்குப் போனாள். அர்த்தநாரி படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்கப் பூபதி கட்டம் கட்டமாகக் கலைந்தான்.

இந்தப் படம் எத்தனை பேர் கை மாறி வந்தது என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் போன் படத்தைச் சுருக்கி அனுப்பும், சுருக்குவது என்றால் உள்ளே இருப்பதில் கொஞ்சத்தைத் தூக்கி எறிவது, எறிந்தது திரும்ப வராது என்று விளக்கினார். அவள் தலையாட்டினாள்.

"போட்டோன்னா புள்ளிதாங்க அம்மிணி," என்றார். "உங்க வீட்டுக்காரர் மூஞ்சி இதுல குறுக்கால நாப்பது புள்ளி இருக்குது. கவருமெண்டுக்கு மூவாயிரம் வேணும்."

"மீதி எங்கிருந்து வருங்க?"

"மெசின் போட்டுக்கும். நிறைவின்னு பேரு. கண்ணு இருக்கற எடத்துல கண்ணு, மீசை இருக்கற எடத்துல மீசை, எல்லாம் அதுவே பாத்து நெரப்பிரும்."

"அதுக்கு அவரைத் தெரியுங்களா?"

அர்த்தநாரி கம்ப்யூட்டரில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார். எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் முகம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். பளபளப்புத் தாளா, மங்கல் தாளா என்று கேட்டார்கள். பின்னணியில் மலை வேண்டும் என்றார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அவர் பட்டனை அழுத்தினார்.

படம் வந்தது. அபாரமான படம். புருவத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. தோலில் வேர்வைத் துளைகள்கூட இருந்தன. உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு, நல்ல பல்வரிசை. சத்தீஸ்கர் வெயிலில் பத்து வருஷம் நின்ற மனிதனுக்கு இப்படியொரு தோல் எப்படி வந்தது என்று நிறைவியிடம் யாரும் கேட்கவில்லை. துளசிமணி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளோடு வந்திருந்த பூபதியின் அண்ணன் குப்புராஜ் படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டான். அச்சு அசலாகத் தம்பி அப்படியே இருக்கிறான் என்றான். அழுகிறவனிடம் என்ன சொல்வது என்று அவள் படத்துக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

துல்லியத் துறை படத்தை ஏற்றுக்கொண்டது. தரம் நன்று என்று முத்திரையும் குத்தியது. சான்றிதழ் வந்தது. இன்னொரு பிரதி எடுத்து வீட்டின் முன்னறையில் மாட்டி மாலை போட்டார்கள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தக் கண்ணைப் பார், அப்படியே பூபதி என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் பூபதியை அவன் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. தாரணி தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் படத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா உயிரோடு இருந்தபோதும் அவளுக்குப் போனில் வந்து வந்து உறைகிற ஒரு முகம்தான். இப்போதுதான் முழுதாகக் கிடைத்திருந்தார்.

அதே வாரத்தில் தூத்துக்குடியில் ஓர் ஐஸ் பேக்டரியின் கதவு அதன் மேலாளர் ஞானசெல்வத்துக்குத் திறக்க மறுத்தது. கதவுத் திரையில் இப்படி எழுத்து ஓடியது: தாங்கள் காலமாகிவிட்டீர்கள். துறையின் ஆழ்ந்த இரங்கல்கள். அடுத்தவருக்கு வழிவிடவும்.

ஞானசெல்வம் சிரித்தார். பின்னால் நின்ற தொழிலாளிகளும் சிரித்தார்கள். பிறகு பேங்க் கதவும் அதையே சொன்னது. பஸ்ஸில் ஏறினால் பஸ் நகரவில்லை. அவருடைய வீட்டு லிப்ட் மட்டும் ஒரு வாரம் வேலை செய்தது, அதற்கும் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு அதுவும் நின்றது. அரசுப் பதிவில் மனைவி மேரி ஸ்டெல்லாவின் பெயருக்கு முன்னால் ஒரு நாள் காலையில் திருமதி போய் அந்த இடம் காலியாக இருந்தது.

பல மாசம் அலைந்த பிறகு தூத்துக்குடித் துல்லிய அலுவலகத்தில் அவரை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் திருச்செங்கோட்டில் பூபதி என்ற பெயரில் இறந்திருக்கிறார் என்றார்கள். தான் ஞானசெல்வம் என்றும், திருச்செங்கோட்டை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அலுவலகக் கேமரா அவரைப் படம் பிடித்தது. பழைய கேமரா, லென்ஸில் உப்புக்காற்றுப் படிந்திருந்தது. இரண்டு பதிவுகள் முரண்பட்டால் தரம் உயர்ந்த பதிவே உண்மை என்று விதி. திருச்செங்கோட்டுப் பிணத்துக்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. எதிரில் உட்கார்ந்திருந்த ஞானசெல்வத்துக்கு எழுபத்திரண்டு.

"நா முன்னால இருக்கேன்லா சார்," என்றார் ஞானசெல்வம்.

"இருக்கீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அதிகாரி. அவர் நல்ல மனிதர். அனுப்பும்போது வருத்தமும் தெரிவித்தார்.

ரயிலும் பஸ்ஸும் ஏற்றிக்கொள்ளாததால் ஞானசெல்வம் தன் பேக்டரி ஐஸோடு போகிற மீன் லாரியில் ஏறித் திருச்செங்கோடு வந்தார். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு பூபதி வீட்டைக் கண்டுபிடித்தார். வழி சொன்னவர்கள் எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். மீன் வாசம் அடிக்கிறது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வாசற்படியில் தாரணி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தாள். மறுபடி வெளியே வந்து அவரைப் பார்த்தாள். பிறகு தெருவில் இறங்கி, அம்மா வேலை பார்க்கிற குடோன் வரை ஓடி, அங்கே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மா, அப்பா எறங்கி வந்துட்டாரு."

துளசிமணி வருவதற்குள் தெரு கூடிவிட்டது. குப்புராஜ் முதலில் வந்தான். ஞானசெல்வத்தைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடித்ததும் ஓர் அறை விட்டான். இத்தனை மாசம் பெண்டாட்டி பிள்ளையைத் தவிக்கவிட்டு எங்கே போயிருந்தாய் என்று கேட்டான். தன் பெயர் ஞானசெல்வம், தூத்துக்குடியில் தனக்கு மனைவியும் காலேஜ் போகிற மகனும் இருக்கிறார்கள் என்று ஞானசெல்வம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அப்படியா சங்கதி, இரண்டாவது குடும்பமா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. வெயிலில் மூளை காய்ந்து பழசெல்லாம் மறந்துவிட்டது என்று ஒருவர் சமாதானம் சொன்னார். தெற்கத்திப் பேச்சு எப்படி வந்தது என்று கேட்டவருக்கு, ரிக் வண்டியில் தென்மாவட்டத்து ஆட்கள் நிறைய உண்டு என்று இன்னொருவர் பதில் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. குடோனிலிருந்து முன்னால் ஓடிவந்த தாரணி மட்டும் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துளசிமணி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் ஞானசெல்வத்தின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பல மாசமாகத் தினமும் பூ மாற்றிய முகம்.

"இவரு அவரு இல்லைங்க," என்றாள்.

குப்புராஜுக்குக் கோபம் வந்தது. "சொவத்துல மாட்டியிருக்குது பாரு அம்மிணி. போட்டோவுல இருக்கறது யாரு?"

"போட்டோவுலயும் அவரு இல்லைங்க."

குப்புராஜ் வீட்டுக்குள் போய்ப் படத்தைப் பார்த்தான். திரும்பி வந்து ஞானசெல்வத்தைப் பார்த்தான். பிறகு தன் தம்பியை நினைத்துப் பார்க்க முயன்றான். அந்த முயற்சியில் அவன் முகம் போன போக்கைக் கண்டு பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

துளசிமணி ஞானசெல்வத்தை நேரே அர்த்தநாரியின் லேபுக்கு அழைத்துப் போனாள். அர்த்தநாரி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு இந்த முகம் இருபது வருஷப் பழக்கம். புதிதாக எந்தப் பிரிண்டர் வாங்கினாலும், மை சரியாக இறங்குகிறதா, தோல் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க அது முதலில் ஒரு மாதிரித் தாளைத் துப்பும். அதில் சிரிப்பவர் இவர்தான்.

ஞானசெல்வம் ஒப்புக்கொண்டார். சென்னையில் படித்தபோது ஒரு பிரிண்டர் கம்பெனிக்காரர்கள் வந்து அளவான முகம் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி போல ஒரு கேமராவில் நாள் முழுக்க எடுத்தார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். அதோடு மறந்துவிட்டார்.

நிறைவி மறக்கவில்லை. அதற்குத் தமிழ் ஆண் முகம் என்று மிக நெருக்கத்தில், மிகத் தெளிவாகத் தெரிந்தது அந்த ஒரு முகம்தான். தெரியாத இடத்திலெல்லாம் தெரிந்ததைப் போட்டது; மற்றவர்கள் படத்தில் சொந்த முகம் கொஞ்சமாவது மிஞ்சியது, நாற்பது புள்ளிப் பூபதிக்கு முழுக்க இவரே வந்தார். தன் வாடிக்கையாளர்களின் அப்பாக்களும் அண்ணன்களும் கொஞ்சநாளாக ஒரே சாயலில் வருவதை அர்த்தநாரியும் கவனித்துத்தான் இருந்தார். ஒரே ஊர், ஒரே தண்ணீர், அதனால் ஒரே ஜாடை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பெண்களுக்கு வேறொரு பெண் இருக்கிறாராம். அவர் கதி என்ன என்று யாரும் இன்னும் விசாரிக்கவில்லை.

மறுநாள் மூவரும் நாமக்கல் போனார்கள். பஸ் ஞானசெல்வத்தை ஏற்றாது என்பதால் அர்த்தநாரியின் காரில் போனார்கள். அங்கே துல்லிய அலுவலர் திலகவதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திரையில் ஏதோ தேடினார். ஞானசெல்வத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், இது உங்களுக்கு முதல் சாவு இல்லை," என்றார். "தர்மபுரி, ஆரணி, புதுக்கோட்டை... இன்னும் நாலஞ்சு ஊர்ல செத்திருக்கீங்க. அங்கெல்லாம் படத்தோட தரம் கொஞ்சம் சுமார். அதனால ஏத்துக்காம நிறுத்தி வச்சிருக்கு, இன்னும் மூடலை. திருச்செங்கோட்டுல நல்லா பிரிண்ட் போட்டுட்டாங்க."

அர்த்தநாரி பெருமைப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வழி என்ன என்று ஞானசெல்வம் கேட்டார். வழி சுலபம் என்றார் திலகவதி. துளசிமணி அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றால் போதும், முகம் திறந்துகொள்ளும். ஆனால் படம் இல்லாத மரணம் செல்லாது. பூபதி இறக்கவில்லை என்றாகும். அவனுக்கு முகப் பதிவும் இல்லை என்பதால் இருக்கவும் இல்லை என்றாகும். துளசிமணிக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. தாரணியின் தகப்பன் பெயர் இருக்கிற இடத்தில் தெளிவில்லை என்று வரும். வீடு யாருடையது என்ற கேள்வி எழும்.

"அவரு இருந்தாருங்க," என்றாள் துளசிமணி.

"இருந்திருக்கலாம்மா. எத்தனை புள்ளியில இருந்தாரு, அதுதான் கேள்வி."

இதைத் திலகவதி கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

காரில் திரும்பினார்கள். ஞானசெல்வம் முன்சீட்டில் இருந்தார். தன் உயிரைக் கொடுங்கள் என்று ஒரு பெண்ணிடம், அதுவும் புருஷனைப் பறிகொடுத்தவளிடம், எந்த வாயால் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பேசாமல் செத்தவராகவே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். தன் மனைவி ஸ்டெல்லா ஒற்றை ஆளாக எத்தனை அலுவலகம் ஏறி இறங்குவாள் என்ற நினைப்பு வந்ததும் அந்த யோசனை நின்றது. பாதி வழி தாண்டியதும் துளசிமணியே பேசினாள்.

படம் வந்த அன்றைக்கே அது அவரில்லை என்று தனக்குத் தெரியும் என்றாள். அவர் அண்ணன் அழுதார், ஊர் ஒத்துக்கொண்டது, கவர்மெண்ட் முத்திரை குத்தியது, குழந்தை அப்பா என்றது. இத்தனை பேர் ஒரு பக்கம் நிற்கும்போது தான் மட்டும் எதிர்ப் பக்கம் நிற்கத் தெம்பில்லை.

"இப்ப கண்ணை மூடுனா உங்க மொகந்தானுங்க வருது," என்றாள். "எனக்கே அவரு எப்படி இருந்தாருன்னு மறந்துட்டே வருது. அது எனக்குப் பயமா இருக்குதுங்க."

ஞானசெல்வம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். தான் செய்யாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டார்.

லேபுக்கு வந்ததும் அவள் அர்த்தநாரியிடம் நிறைவியை நிறுத்திவிட்டுப் படம் போடச் சொன்னாள். உள்ளது எதுவோ அது மட்டும் போதும், ஒரு புள்ளி கூட வேண்டாம். அர்த்தநாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாற்பது புள்ளியைப் பத்து அங்குலத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் கொண்டைக்கடலை பெரிசுக்கு ஒரு கட்டமாக வரும், மூக்கு எது முழி எது என்று தெரியாது, நாமக்கல்லில் பார்த்த உடனே தூக்கி எறிவார்கள், கையில் இருக்கிற சான்றிதழும் போய்விடும் என்றார்.

"போனாப் போகட்டுங்க. இவரைச் சாகடிச்சு எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டாம்."

"பாப்பாவுக்கு என்ன சொல்லுவீங்க?"

"இருக்கறதைச் சொல்லுவேன்."

அர்த்தநாரி நிறைவியை அணைத்தார். வாங்கிய நாளிலிருந்து அதை அவர் அணைத்ததில்லை, எங்கே அணைப்பது என்று தேடவேண்டியிருந்தது. படம் வந்தது. பழுப்பு, கருப்பு, காவி என்று கட்டங்கள். சின்னப் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. ஞானசெல்வம் அதை எந்தப் பக்கம் மேலே பிடிப்பது என்று கேட்டார்.

மறுபடி நாமக்கல். திலகவதி படத்தை வாங்கிப் பார்த்தார். ஸ்கேனரில் வைத்தார். ஸ்கேனர் பளிச்சென்று ஒரு முறை ஊர்ந்து வந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, விளிம்புக் கூர்மை மிக உயர்வு, தரம் மிகச் சிறப்பு.

திலகவதி இன்னொரு முறை வைத்தார். மிகச் சிறப்பு.

அர்த்தநாரிக்குத்தான் முதலில் விளங்கியது. ஒரு கட்டத்துக்குள் பிரிண்டர் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அச்சடித்திருந்தது, எல்லாம் ஒரே பழுப்பு. ஸ்கேனர் புள்ளிகளை எண்ணியது. எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்தப் புள்ளிகளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது அதன் வேலை இல்லை. விளிம்புகளைப் பார்த்தது. எந்த மனித முகத்திலும் இவ்வளவு கூர்மையான விளிம்புகள் கிடையாது. உயிரோடு இருக்கிற எந்த முகத்தோடும் படம் பொருந்தவும் இல்லை. துறையின் வரலாற்றில் இவ்வளவு சுத்தமாக யாரும் இறந்ததில்லை.

"இதுல மூஞ்சி எங்கங்க இருக்கு?" என்று திலகவதி மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். திரையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு இன்னும் பல வருஷம் சர்வீஸ் இருந்தது. "சரி. மெசின் பாத்துட்டா நான் எதுக்கு பாக்கணும்?" என்று சொல்லி, பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்தார்.

பூபதி முறைப்படி இறந்தவனாகவே நீடித்தான். துளசிமணியின் கல்யாணம் தப்பியது. வெளியே போகும்போது அலுவலகக் கதவு ஞானசெல்வத்தைப் பார்த்துத் தானாகத் திறந்தது. அவர் அதன் முன்னால் போவதும் வருவதுமாக நாலைந்து தடவை நடந்தார்.

அந்த ஆண்டு துறையின் அறிக்கையில், மரணப் படங்களின் தரம் மாநிலத்திலேயே நாமக்கல் மாவட்டத்தில்தான் வேகமாக உயர்ந்துவருவதாகக் குறிப்பிட்டுத் திலகவதிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அர்த்தநாரியின் லேபில் இப்போது கட்டப் படம் கேட்டு வருகிற கூட்டம் அதிகம்.

ஞானசெல்வம் அன்றைக்கே ஊர் திரும்பவில்லை. மற்ற ஊர்ப் படங்களையும் எடுக்காவிட்டால் என்றைக்காவது யாராவது ஒருவர் நல்ல பிரிண்ட் போட்டுவிடுவார் என்ற பயம் இருந்தது. முதலில் தர்மபுரி போவதாக முடிவு செய்தார். அங்கே அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. போவதற்கு முன்னால் தாரணியிடம் சொல்லிக்கொள்ள வந்தார். சொல்வதற்கு ஏதேதோ யோசித்து வைத்திருந்தார். அவள் மறுபடி அவருடைய சட்டை நுனியைப் பிடித்ததும் எல்லாம் போய்விட்டது. குனிந்து உட்கார்ந்து, தான் தூத்துக்குடி மாமா என்றும், அந்த மெசின் ஆள் மாறித் தன் முகத்தைப் போட்டுவிட்டது என்றும் சொன்னார். மெசின் தப்பாகப் போட்டால் வாத்தியார் அடிக்க மாட்டாரா என்று அவள் கேட்டாள். மாட்டார், மார்க்தான் போடுவார் என்றார். அவள் சட்டையை விட்டாள். தெருமுனை திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சுவரில் இருந்த படத்தைத் துளசிமணி கழற்றிவிட்டாள். அந்த ஆணியில் கட்டங்களை மாட்டினாள். குப்புராஜ் வந்து பார்த்துவிட்டு, தன் தம்பியை டைல்ஸ் போட்ட மாதிரி ஆக்கிவிட்டாளே என்று வெளியே போய்ச் சொன்னான். தாரணி பக்கத்தில் போய் மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தாள். கையால் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

"இதுல ஒன்னுமே இல்லைம்மா."

துளசிமணிக்கும் அப்படித்தான் தெரிந்தது. கழற்றிவிடலாமா என்று நினைத்தாள். கடைக்குப் போய்வரலாம் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கதவைச் சாத்தவில்லை. தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனதும், விளக்கை அணைத்தோமா என்று திரும்பிப் பார்த்தாள்.

திறந்த கதவுக்குள், முன்னறைச் சுவரில் பூபதி நின்றான்.

ரிக் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிப்போன மனிதன், யாராவது பேசினால் நல்ல காதை முன்னால் கொடுத்துத் தலையைச் சாய்த்துக்கொள்வான். அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. மீசைக்குக் கீழே, சிரிப்பா கூச்சமா என்று அவளுக்கு எப்போதும் சொல்லத் தெரியாத அந்த வாய். புருவம் இல்லை, தோல் இல்லை, பல் இல்லை. ஆனால் அது அவன்தான். அவள் நகராததைக் கண்டு தாரணி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா பார்க்கிற திசையில் பார்த்தாள். பிறகு தானும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

"அது யாரும்மா, அப்பாவா?"

"ஆமா கண்ணு."

"கிட்டப் போனாப் போயிருவாரா?"

"ஆமா."

தாரணி கொஞ்சம் யோசித்தாள். ஒரு மொபெட் அவர்களைத் தாண்டிப் போனது. எதிர்ச்சாரி வீட்டுப் படியில் இடம் இருந்தது.

"அப்ப இங்கியே உக்காந்துக்கலாம்மா," என்றாள்.